முழங்காலுக்குப் பின்னால்

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடி மூன்றாவது முறையும் மீனம்மாளின் முழங்காலில் இடித்து நின்றது.

"எடுப்பா, எடு. அவளுக்கு வலிக்கப் போவுது" என்றார் ஆண்டிச்சாமி. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. நாற்பத்தாறு வருஷத்து மனைவி விடியற்காலை ஐந்து மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பெட்டி கொண்டுவந்த முத்துராஜ் மூடியைச் சுவரில் சாய்த்துவைத்தான். மல்லாந்து கிடந்தவளின் இரண்டு முழங்கால்களும் சேலைக்குள் குத்திட்டு நின்றன. பக்கத்து வீட்டுப் பெண்கள் அமுக்கிப் பார்த்துவிட்டார்கள். கையை எடுத்ததும் கால் பழையபடி எழும்பிக்கொண்டது.

"இது செத்தப்புறம் வந்த விறைப்பு இல்லீங்கய்யா. உசுரோட இருக்கையிலயே மடங்கிப்போன காலு. எத்தன மாசமாப் படுக்கை?" என்று கேட்டான் முத்துராஜ்.

"ஒம்போது மாசம்" என்றாள் மகள் சுகுணா.

ஆண்டிச்சாமி கடிகாரத்தைப் பார்த்தார். எட்டரை. குன்றாண்டார்கோவிலிலிருந்து மீனம்மாளின் தம்பி நாகராசு வேனில் புறப்பட்டாயிற்று. பிறந்த வீட்டார் தலைமுதல் கால்வரை பார்த்து, குறையில்லை என்று ஒப்பி, கோடிச் சேலையைப் போர்த்திய பிறகுதான் அந்தக் குடும்பத்தில் ஒரு பெண்ணின் உடல் வாசலைத் தாண்டும். அவருடைய தாயார் அப்படித்தான் போனார். அண்ணன் மனைவியும் அப்படித்தான். யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

வைகாசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து மீனம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மறுவாரம், பயிற்சி கொடுக்க பிரசாந்த் என்ற பிசியோதெரபிஸ்ட் வந்தான். நல்ல பையன்தான். தன் காலையே நீட்டி விளக்கினான்.

"பின்தொடையில மூணு தசைங்கய்யா. உக்கார்ற எலும்புலருந்து கெளம்பி, முட்டிக்குப் பின்னாடி ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு, கயிறாட்டம் எறங்கும். தெனமும் நீட்டிவிடலன்னா சுருங்கிரும். முட்டிக்கு அடியில மட்டும் தலகாணி வச்சுராதீங்க. சொகமாத்தான் இருக்கும். கால் அப்படியே நின்னுபோயிரும்."

பிறகு அவன் மீனம்மாளின் குதிகாலை ஒரு கையில் ஏந்தி, மறு கையை அவள் தொடைக்கு அடியில் கொடுத்தான். ஆண்டிச்சாமி எழுந்துவிட்டார்.

"போதும் தம்பி. எங்க வீட்டுப் பொம்பளைய அந்நிய ஆம்பள அங்கயெல்லாம் தொட வேண்டியதில்ல."

"எனக்காவது சொல்லிக் குடுக்கட்டும்ப்பா" என்று சுகுணா கெஞ்சினாள். அதற்குள் அவனுடைய பைக் தெருமுனையைத் தாண்டிவிட்டது. பயிற்சி கொடுக்கப் பெண் யாராவது கிடைத்தால் பார்க்கலாம் என்றார் ஆண்டிச்சாமி. தேடவில்லை. அன்று மாலை மீனம்மாள் வலியில் முனகியபோது, இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றைத் தன் கையாலேயே அவள் முழங்காலுக்கு அடியில் வைத்தார். "இப்பத் தேவலைங்க" என்றாள். அதன் பிறகு அந்தத் தலையணையை அவர் ஒருநாளும் எடுக்கவிடவில்லை.

முத்துராஜ் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். "முட்டிக்குப் பின்னாடி அந்த நரம்ப அறுத்துவிட்டா கால் தானா நீண்டுரும்ங்கய்யா. சேலைக்குள்ள யாருக்குத் தெரியப்போவுது? ஒருசில வீட்ல செஞ்சிருக்கேன்."

சுகுணா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எல்லாரும் சித்த நேரம் வெளிய இருங்க" என்றார் ஆண்டிச்சாமி.

கதவைச் சாத்திவிட்டு, நல்லெண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டார். சேலைக்குள் கையை விட்டு அவள் முழங்காலுக்குப் பின்னால் தடவினார். அந்தப் பையன் சொன்னது சரிதான். இரண்டு பக்கமும் முறுக்கேறிய கயிறு. நடுவில், விரல்கள் அடங்குகிற ஒரு பள்ளம். அங்கே தோல் அத்தனை மெல்லியதாக இருந்தது. மூன்று பிள்ளைகளைப் பெற்றவளின் உடம்பில் இப்படி ஓர் இடம் இருப்பது அவருக்குத் தெரியாது. தேய்த்தார். மெல்ல அமுக்கினார். கால் நீளவில்லை. இடுப்பு மேலே எழும்பி, உடம்பு முழுவதும் தலைப்பக்கமாக நகர்ந்தது, வேண்டாம் என்று விலகுவதுபோல. கையை எடுத்துவிட்டார்.

தெருவில் வேன் வந்து நின்றது. பெண்களின் ஒப்பாரி எழுந்தது.

முத்துராஜ் கதவைத் திறந்து தலையை நீட்டினான். "வந்துட்டாங்கய்யா. சட்டுனு சொல்லுங்க. ரெண்டே நிமிசம்."

ஆண்டிச்சாமி கையிலிருந்த எண்ணெயைத் தன் வேட்டியிலேயே துடைத்தார்.

"வேணாம். கதவ நல்லாத் தொறந்து விடு."

நாகராசு கோடிச் சேலைத் தட்டோடு உள்ளே வந்தான். அக்காளின் முகத்தைப் பார்த்து விம்மியவன், பார்வை கீழே இறங்கியதும் நின்றுவிட்டான்.

"என்ன மச்சான், அக்கா கால் ஏன் இப்படி நிக்குது?"

"நோவுதான் மாமா" என்று சுகுணா முந்திக்கொண்டாள். "டாக்டர்களே ஒண்ணும் செய்ய முடியாதுன்னு..."

"நீ சும்மா இரு ஆத்தா." ஆண்டிச்சாமியின் முதுகு எப்போதும்போல நிமிர்ந்தே இருந்தது. "நோவு இல்ல மாப்ள. கால நீட்டிவிட ஒரு பையன் வந்தான். அவ தொடையில அவன் கை படக்கூடாதுன்னு நான்தான் வெரட்டிட்டேன். மடங்கிப்போச்சு."

கூடத்தில் ஒப்பாரி அடங்கியது.

"எங்கக்காவ வெளக்கு மாதிரி வச்சிருக்கேன்னு நல்லது கெட்டதுக்கெல்லாம் சொல்லுவீங்களே மச்சான்" என்றான் நாகராசு.

ஆண்டிச்சாமி கால்மாட்டுக்கு நகர்ந்து நின்றார்.

நாகராசு தட்டைக் கீழே வைத்தான். பிறகு சேலையைப் பிரித்து அக்காள் மேல் போர்த்தினான். முழங்கால் இருந்த இடத்தில் அது கூடாரம்போல எழுந்து நின்றது. அதை அமுக்காமல் ஓரங்களை மட்டும் இழுத்துவிட்டான்.

"அந்த மூடி வேணாம், வண்டியில ஏத்திருப்பா" என்றான் முத்துராஜிடம்.

சனம் வரத் தொடங்கியது. திருக்கோகர்ணத்துச் சொந்தமெல்லாம் வரிசையாக வந்தது. ஒவ்வொருவரும் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு முழங்காலை, பிறகு கால்மாட்டில் நின்ற அவரை.

மதியமாகியும் அவர் இடம் மாறவில்லை. சுகுணா நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து அவருக்குப் பின்னால் போட்டாள். அதன் விளிம்பு அவருடைய முழங்கால் மடிப்பில் இடித்தது.

"உக்காருங்கப்பா."

அவர் உட்காரவில்லை.