மேயர் இல்லாத கவுண்டி

அமிர்தநாதருக்குத் தொழுநோய் வந்து மாறி முப்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது. இனி ஒருவருக்கும் ஒட்டாது என்று மட்டக்களப்பு மாந்தீவுத் தொழுநோய் ஆஸ்பத்திரியிலேயே சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ரொறன்ரோ டொக்டரும் அதையே சொன்னார். மருமகன் றொபேட் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினான். ஆனால் குழந்தையை மட்டும் மாமனாரின் வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து ஊரான விட்பியிலிருந்து வருவார்கள். மகள் வேரோனிக்கா தனியாக, அமிர்தநாதர் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுண் கட்டடத்தின் பதினாலாம் மாடிக்கு ஏறுவாள். எட்டு மாதப் பேத்தியோடு றொபேட் காருக்குள் இருப்பான். அமிர்தநாதரின் மனைவி யோகராணிக்கு மட்டும் கீழே போய்த் தூக்க அனுமதி. அவள் திரும்பி வந்ததும் மனுசன் பிள்ளையின் வாசத்துக்காக அவளுடைய தோளை மணந்து பார்ப்பார்.

ஒருநாள் ரீவியில், ஹவாயில் முந்தித் தொழுநோய்க்காரரை ஒதுக்கி வைத்த இடமொன்றைக் காட்டினார்கள். அமிர்தநாதருடையதைப் போலவே நோய் தின்ற விரல்களோடு ஒரு கிழவர் முற்றத்தில் பூமரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அமிர்தநாதருக்கு அன்றிலிருந்து அதே நினைப்பு. உதைப் பற்றி லைப்ரரியில் பார்த்துச் சொல்லு என்று மகளை நச்சரித்தார். அடுத்த ஞாயிறு அவள் ஒரு புத்தகத்தோடு வந்தாள்.

"கலவாவோ கவுண்டி, அப்பா. எங்கட மாவட்டம் மாதிரி. மூண்டு பக்கமும் கடல். மற்றப் பக்கம் செங்குத்தான மலை. மலையால கோவேறு கழுதையிலயோ நடந்தோதான் இறங்கலாமாம். சாமான் கப்பல் வருசத்துக்கு ஒருக்கா வரும்."

"ஆர் நடத்தினம்?"

"மேயரும் இல்லை, கவுன்சிலும் இல்லை. சுகாதாரப் பகுதிதான் நடத்துது."

"எலெக்சன் இல்லையோ!" என்று சிரித்தார். ஊரில் கிராமசபைக்கு நின்று, "உவற்ற விரலைப் பாருங்கோ" என்ற ஒரே கதையில் தோற்ற மனுசன் வேறென்ன செய்வார்? "சனம் விரும்பினால் வெளியில போகலாமோ?"

"போகலாம். அறுபத்தொன்பதாம் ஆண்டிலேயே தடையை எடுத்தாச்சு. கனபேர் போகேல்லை."

"போகமாட்டினம்தானே. கேட்டுப் பார் மகள், எங்கள் ரெண்டுபேரையும் எடுப்பினமோ எண்டு. நீங்கள் பிள்ளையோட வந்து பாக்கலாம். அங்க ஒருத்தரும் பயப்பிடமாட்டினம்."

அவர் பகிடி விடவில்லை என்று யோகராணிக்கு விளங்கிவிட்டது. அங்கே போனாலாவது பேத்தியைத் தூக்கலாம் என்று மனுசன் மனக்கோட்டை கட்டியிருக்கிறார். வேரோனிக்கா புத்தகத்தை மூடினாள்.

"புது ஆக்களை எடுக்கிறேல்லை, அப்பா."

"எடுக்காட்டிப் போகட்டும். அங்க இருக்கிற சனத்தைப் பாக்க பேரப்பிள்ளையள் வருவினமோ?"

அவள் தாயைப் பார்த்தாள்.

"பதினாறு வயசுக்குக் கீழ விடமாட்டினம், அப்பா. அது அங்கத்தைச் சட்டம்."

அமிர்தநாதர் யன்னலால் கீழே கார் நின்ற பக்கம் பார்த்தார்.

"அப்ப இஞ்சத்தை மாதிரித்தான்," என்றார். "அங்க எழுதி வச்சிருக்கினம். இஞ்ச எழுதேல்லை."

கீழே றொபேட் ஹோர்ன் அடித்தான். வேரோனிக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜக்கெற்றை எடுத்தாள். புருசனை ஒரு சொல் எதிர்த்துப் பேச வாயில்லாத பிள்ளையைப் பெற்று வைத்திருக்கிறேனே என்று யோகராணிக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது.

"மகள்," என்று வாசல்வரை போய்க் கூப்பிட்டார் அமிர்தநாதர். "பிள்ளை சோறு சாப்பிடத் தொடங்கீட்டாளோ?"

"ஓம், அப்பா."

"முதல்வாய் ஆற்ற கையால சாப்பிட்டாள்?"

"தகப்பன்ர கையால," என்று சொல்லிவிட்டு அவள் லிஃப்ற்றுக்கு ஓடினாள்.