பொன்னுதுரையின் பியானோ

அலமேலு உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. அடுப்புக்கு முன்னால் நின்றபடியே ஒரு கையால் இடியாப்பத் தட்டை இறக்கிக்கொண்டு, மறு கையால் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். அதுதான் அவளுக்குச் சாப்பாடு. அவள் அம்மா ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டியவள். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடித்தால் பாதிச் சோற்றில் எழுந்து ஓடியவள். எஸ்டேட்டை விட்டு மலாக்கா டவுனுக்கு, இந்த காஜா பெராங்குக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், அந்த மணி மட்டும் மகளின் காதில் ஓயவே இல்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரிதான் எப்போதும்.

அப்பேர்ப்பட்டவளுக்குப் போய்ப் பொன்னுதுரை வாய்த்தார்.

மனிதர் மதராஸ் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். உலகச் சண்டைக் காலத்தில் இத்தாலிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். சண்டைக்குப் போனவர்கள் துப்பாக்கியைப் பற்றிச் சொல்வார்கள், குண்டைப் பற்றிச் சொல்வார்கள். இவர் சொன்னதெல்லாம் ஒரு மேஜைத்துணியைப் பற்றித்தான். ஊர் பாதி இடிந்து கிடந்ததாம். இவர் தங்கிய வீட்டில் தண்ணீர் மாதிரி ஒரு சூப்பும் காய்ந்த ரொட்டியும் தவிர வேறு ஒன்றும் இல்லையாம். ஆனாலும் மத்தியானம் ஆனால் ஒட்டுப்போட்ட வெள்ளைத் துணியை மேஜைமேல் விரித்து, வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் உட்கார்ந்து, அந்தக் காய்ந்த ரொட்டியை விருந்து மாதிரி பேசிப் பேசிச் சாப்பிடுவார்களாம். சாயங்காலம் முகம் கழுவி, இருக்கிற ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு காரியமும் இல்லாமல் தெருவில் மேலும் கீழும் நடப்பார்களாம். லாரிக்காரர் நின்றபடியே ரொட்டியை விழுங்கினால், வீட்டுக்காரி அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்து, "பியானோ, பியானோ" என்பாளாம். அவர்கள் பாஷையில் அதற்கு மெதுவாக என்று அர்த்தம். ஊருக்கு ஊர் சொல்லுக்கு ஒரு வேஷம்.

சண்டை முடிந்து, பெரியப்பா மகனைத் தேடி மலாக்காவுக்கு வந்தவர், அலமேலுவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். பிள்ளை குட்டி இல்லை. இவள் விடியற்காலையில் இடியாப்பம் அவிப்பாள், அவர் சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு விற்கப் போவார். போகிறவர் போன வேலையைப் பார்ப்பாரா? ஒவ்வொரு வாசலிலும் சைக்கிளைச் சாத்திவிட்டு, அந்த வீட்டுக் குழந்தைக்குப் பல் முளைத்ததா, கிழவருக்கு இருமல் நின்றதா என்று கேட்டுவிட்டுத்தான் கூடையைத் திறப்பார். ஆறிப்போன இடியாப்பத்தை வாங்கித் தின்ன ஊரில் ஆள் இருந்ததே பெரிய காரியம். அலமேலு கத்துவாள். பதறாத காரியம் சிதறாது என்பார் அவர்.

மத்தியானம்தான் பெரிய சண்டை. கோதுமைமாவுச் சாக்கை வெளுத்து, ஓரம் தைத்து ஒரு மேஜைத்துணி செய்துவைத்திருந்தார். அதை விரித்து இரண்டு தட்டு வைத்துவிட்டு அவளுக்காகக் காத்திருப்பார். அவள் மறுநாள் அரிசியை ஊறப்போட்டபடி, நின்றபடி, தன் பங்கை முடித்திருப்பாள். அவர் தட்டைப் பார்த்து, அவளைப் பார்த்து, "பியானோ, அலமு, பியானோ" என்பார். உங்கள் பியானோவைப் போட்டா உலை பொங்கும் என்று அவள் வெடுக்கென்று திருப்பிவிடுவாள். கடைசியில் அவர் மட்டும் அந்தத் துணிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். மேஜை இரண்டு பேருக்கு விரித்தபடியே இருக்கும்.

சாயங்கால நடைக்கு மட்டும் எப்போதாவது இணங்குவாள். அதுவும் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயில் வரைக்கும் என்றால் மட்டும். சும்மா நடந்தால் ஊர் என்ன சொல்லும்? பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி மலாக்காச் செட்டிப் பெண். நெற்றியில் திருநீறு, உடம்பில் சாரோங் கெபாயா, வாயில் மலாய். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று அவள் மலாயில் கேட்டால், பொன்னுதுரை "மக்கான் ஆங்கின்" என்பார். காற்றுச் சாப்பிடப் போகிறோம் என்று. உலாவப் போவதற்கு மலாயில் அப்படித்தான் சொல்வது. பாக்கியலட்சுமிக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, நல்லது, போய் வாருங்கள் என்பாள். அலமேலுவுக்குத்தான் கூசும். உழைக்கிறவர்கள் காற்றைத் தின்று என்ன செய்வது?

மெர்டேக்கா வருஷம், நாட்டுக்குச் சுதந்திரம் வருகிறதென்று ஊரெல்லாம் கொடிக்கம்பம் நட்டுக்கொண்டிருந்தபோது, பாக்கியலட்சுமி வாசலிலேயே பொன்னுதுரை சைக்கிளோடு சாய்ந்தார். கூடை கவிழ்ந்து இடியாப்பம் மண்ணில் சிதறியது. வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. வாய் கோணிக்கொண்டது. பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பேச்சு திரும்புமா என்று கேட்டதற்கு மருந்து கட்டும் டிரெசர் கையை விரித்தார்.

பேச்சு அடியோடு போகவில்லை. ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம், கட்டிலில் கிடந்தபடி, கோணிய வாயால் அதைச் சொன்னார்.

"பி...யானோ."

அலமேலுவுக்கு உயிரே வந்தது. ஓடிப்போய்ப் பக்கத்தில் குனிந்தாள். மறுபடியும் அதையே சொன்னார். தண்ணீர் வேண்டுமா என்றாள். பியானோ. திரும்பிப் படுக்க வேண்டுமா என்றாள். பியானோ. கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. அவளுக்கும்தான்.

அவள் அண்ணன் கலியாணசுந்தரம் ஆற்றங்கரைப் பக்கம் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. இங்கிலீஷ் தெரிந்தவர் என்று அவருக்கே ஒரு நினைப்பு உண்டு. வந்து பார்த்தார், கேட்டார், தலையை ஆட்டிக்கொண்டார்.

"அண்ணே, அது வாத்தியம் இல்ல. மெதுவான்னு அர்த்தம்" என்றாள் அலமேலு.

"நீ எந்த ஸ்கூல்ல படிச்ச? பியானோன்னா பியானோதான். மாப்பிள்ளை கடைசி ஆசையைக் கேக்குறாரு. செய்யாம விட்டா பாவம் சும்மா விடாது."

கடைசி என்ற சொல் அவள் நெஞ்சில் தைத்தது. அதற்குமேல் அவளால் வாதாட முடியவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இத்தாலியில் பியானோ வாசிக்கிற ஒருத்தி இருந்திருப்பாள், அவள் நினைப்புதான் இது என்று இரண்டொரு பெண்கள் நோயாளியைப் பார்க்க வந்த சாக்கில் ரகசியம் பேசிவிட்டுப் போனார்கள். அலமேலு அதையும் கேட்டுக்கொண்டுதான் அவருக்குப் படுக்கை விரிப்பை மாற்றினாள்.

அவள் தனக்குத் தெரிந்த அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு தேடினாள். மெதுவாகக் கஞ்சி ஊட்டினாள். மெதுவாகப் புரட்டிப் படுக்கவைத்தாள். வருகிறவர்களிடம் மெதுவாகப் பேசச் சொன்னாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். எல்லாம் செய்துவிட்டு அடுப்படிக்கு ஓடி, நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்ளும்போது, முன்னறையிலிருந்து கேட்கும், "பியானோ." போட்டது போட்டபடி ஓடி வருவாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். வேண்டியது என்ன என்று மட்டும் தெரியாது. ஒரு மனுஷனிடம் மிச்சம் இருப்பதே ஒரு சொல், அந்த ஒன்றைக்கூடத் தன்னால் கேட்டுச் செய்ய முடியவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

பாக்கியலட்சுமியிடம் ஒருநாள் அழுதாள். அந்தச் சொல்லுக்கு 'பெலான்-பெலான்' என்று அர்த்தம், அவ்வளவுதான் தனக்குத் தெரியும் என்றாள். பாக்கியலட்சுமி யோசித்துவிட்டு, மலாயில் ஒரே கேள்விதான் கேட்டாள். எதை மெதுவாக?

இதற்கிடையில் கலியாணசுந்தரத்தின் துரை சீமைக்குத் திரும்ப மூட்டை கட்டினார். கப்பலில் ஏற்ற முடியாத சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். மற்ற கிராணிகள் அலமாரி, நாற்காலி என்று பிடுங்கிக்கொண்டபோது, கலியாணசுந்தரம் மட்டும் யாரும் சீந்தாத ஒரு பியானோவை வாங்கி, லாரியில் ஏற்றி, தங்கை வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார். அது வாசலில் நுழையவில்லை. நிலைச்சட்டத்தைப் பெயர்த்து உள்ளே தள்ளினார்கள். முன்னறையில் கட்டில் பாதி, பியானோ பாதி. நடுவில் அலமேலு ஒருக்களித்து நடக்க வேண்டியதாயிற்று.

கலியாணசுந்தரம் மூடியைத் திறந்து ஒற்றை விரலால் ஒரு கட்டையை அமுக்கினார். கோயில் மணிக்கும் தகரத்துக்கும் நடுவான ஒரு சத்தம் வந்தது. பொன்னுதுரை பியானோவைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். அப்புறம் அலமேலுவைப் பார்த்தார். கண்ணோரத்தில் நீர் இறங்கியது. ஆனந்தக் கண்ணீர் என்று சொல்லிவிட்டு கலியாணசுந்தரம் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷன்தான். அதனால்தான் அவரைத் திட்டவும் முடியவில்லை.

மெர்டேக்கா நாள் நெருங்க நெருங்க இடியாப்பத்துக்கு ஆள்மேல் ஆள் வந்தது. கிளேபாங்கிலிருந்துகூடக் கேட்டு அனுப்பினார்கள். அவிப்பதும் அவள்தான், கூடையைத் தூக்கிக்கொண்டு கடைகடையாகப் போடுவதும் அவள்தான். தட்டுகளை ஆறவைக்க வீட்டில் இடம் போதாமல், பியானோவின் மேல் அடுக்கினாள். துரைசானி வாசித்த பியானோவுக்கு அப்படி ஒரு கதி.

கொடி ஏற்றிய அன்று மத்தியானம் கடைசிக் கூடையும் போய்விட்டது. தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ரேடியோவில் பாட்டு. அலமேலு வியர்வையோடு உள்ளே வந்து, பியானோமேல் மிச்சம் இருந்த ஆறின இடியாப்பத்தைத் தட்டில் எடுத்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவி, அங்கேயே நின்றபடி அள்ளி வாயில் போட்டாள்.

"பியானோ" என்றார் பொன்னுதுரை.

இத்தனை நாள் அடக்கி வைத்தது உடைந்துவிட்டது. "எதை மெதுவா? எல்லாத்தையும் மெதுவாத்தானே செய்யுறேன். இன்னும் எதைத்தாங்க மெதுவாச் செய்யச் சொல்றீங்க?"

அவர் இடது கை போர்வைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தது. நீண்டு, அவள் கையிலிருந்த தட்டின் விளிம்பைத் தொட்டது. பிறகு கீழே இறங்கி, கட்டில் ஓரத்தை இரண்டு தரம் தட்டியது. உட்காரு என்று.

அவர் தனக்காக ஒன்றுமே கேட்கவில்லை. அந்தச் சொல் எப்போதும் மத்தியானத்தில்தான் வந்தது. எப்போதும் அவள் வாயில் சோறு இருக்கும்போதுதான் வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அதே நேரம், அதே சொல். வந்தவர், போனவர், கூடப்பிறந்த அண்ணன் எல்லோரும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தேடினார்கள். அர்த்தம் தெரிந்த அவளும் தேடினாள், வேறு எங்கெங்கோ.

அலமேலு தட்டை வைத்துவிட்டுப் போய், பெட்டியிலிருந்து அந்த மாவுச்சாக்குத் துணியை எடுத்து வந்தாள். இடியாப்பத் தட்டுகளை இறக்கிவிட்டு, பியானோவின் மூடிமேல் அதை விரித்தாள். பியானோவோடு வந்த ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாய் அவருக்குப் பிசைந்து ஊட்டினாள். ஒரு வாய் தான் தின்றாள். மெதுவாக. தன் கையால் அவித்த இடியாப்பத்தை அன்றைக்குத்தான் அவள் ருசி பார்த்தாள். உப்பு ஒரு கல் கூட. எப்போதுமே கூடத்தானோ என்னவோ, இத்தனை வருஷமாக அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தட்டு காலியாகிறவரை அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடித் தூங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. அடுத்த வாரம் வந்த கலியாணசுந்தரத்துக்கு ஒரே பெருமை. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன். பியானோ வந்துச்சு, கேக்குறதை விட்டுட்டாரு" என்றார்.

தினமும் உட்கார்ந்தே சாப்பிட்டாள். துணியை விரித்துவிட்டே சாப்பிட்டாள். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி நாளாக நாளாக அவளைப் பிடுங்கித் தின்றது. வேண்டியது கிடைத்துவிட்டதால்தான் வாயை மூடிக்கொண்டாரா, இல்லை மிச்சம் இருந்த அந்த ஒன்றும் போய்விட்டதா? கேட்டால் சொல்ல அவரிடம் வேறு சொல் இல்லை.

ஒரு மத்தியானம் அவள் ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள். துணியை விரிக்கவில்லை. அவர் கண்ணுக்கு நேராக, கட்டில் காலடியில் நின்றுகொண்டு, பழையபடி அள்ளி அள்ளி வாயில் திணித்தாள். அந்தச் சொல் வரும் என்று காத்திருந்தாள். ஒரே ஒரு தரம் சொன்னால் போதும், உடனே உட்கார்ந்துவிடலாம்.

பொன்னுதுரை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உதடு அசையவில்லை. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு, விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், அலமேலு நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்ல ஆள் இல்லை.