துணிக்கடையில் தொலைந்த பிள்ளை

“பொய் சொல்லாதீங்க சித்தி. துணிக்கடையில நான் தொலைஞ்சப்போ என்னைத் தேடித் தூக்கிட்டு வந்ததே நீங்கதான்.”

“நான் எங்கடி தூக்கினேன்? யாரையோ நெனச்சுக்கிட்டு என்கிட்ட மல்லுக்கட்டாத.”

பக்கத்து அறையில் தையல் மெஷின் நின்றது. அம்மா பாதி மடித்துத் தைத்த பேண்ட்டைக் கையில் பிடித்தபடி காதைத் தீட்டினாள். சித்தி அவளுடைய சொந்தத் தங்கைதான், மாடி வீட்டில் இருக்கிறாள்; இப்போது கீழே வந்திருந்தாள். ப்ளஸ் ஒன் படிக்கும் மகள் மார்க் வந்தாலும் அழுகை வந்தாலும் மாடிக்குத்தான் ஓடுவாள். பேண்ட் கொடுக்க வருகிறவர்கள்கூட, பொண்ணு அப்படியே சித்தி மாதிரி சிரிக்கிறாளே என்பார்கள். அன்றைக்கெல்லாம் அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள்.

இப்போது பிள்ளையைக் கண்டுபிடித்த பெருமையும் தங்கைக்கே போகப் பார்க்கிறது. விடுவாளா? விறுவிறுவென்று உள்ளே போனாள்.

“அவ அன்னைக்குக் கடைக்கே வரல. நான்தான் தூக்கினேன். உடுப்புப் போட்டுப் பாக்குற ரூம்ல, திரைக்குப் பின்னால உக்காந்திருந்த. மஞ்சக் கவுன். ஒத்தச் செருப்பு. தூக்கினதும் கழுத்தைக் கட்டிக்கிட்டு விடவே இல்ல.”

மகள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “அம்மா, நான் தொலைஞ்சே போகல.”

பள்ளியில் சைக்காலஜி வகுப்பு. நினைவு பற்றிய பாடமாம். நடக்காததை நடந்ததாகச் சொன்னால், சில பேர் மனசு விட்டுப்போன இடத்தைத் தானே நிரப்பிக்கொண்டு அதையே நினைவு என்று நம்பிவிடுமாம். வீட்டில் ஒருவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு, உடனே உண்மையையும் சொல்லிவிட வேண்டும் என்று டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தனக்கு வைத்த வலையில் அக்கா தானாக வந்து விழுந்ததாகச் சொன்னாள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கழுத்தில் அந்தச் சின்னக் கைகளின் இறுக்கம் இன்னும் அப்படியே இருந்தது. ஆனால் அவள் கேட்டது வேறு.

“இதுக்கும் அவகிட்டதானே முதல்ல போன?”

மகள் கொஞ்சம் தயங்கினாள். “உன்கிட்ட பொய் சொல்ல வாய் வரலம்மா.”

அம்மாவுக்கு வயிற்றெரிச்சல் சட்டென்று அடங்கிப்போயிற்று. தங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள். ஊசியில் நூல் கோக்கும்போதுதான் உறுத்தியது. இதுவும் வீட்டுப்பாடமோ?

வீட்டில் அந்த வயசுப் பிள்ளை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். அந்தப் பெண் மனசாரச் சொன்னாளா, அம்மாவைச் சமாதானப்படுத்தச் சொன்னாளா? ரெண்டு வரியானாலும் பரவாயில்லை, கீழே எழுதிவிட்டுப் போங்கள்.