தீக்கு மட்டும் சுரந்த கிணறு

பனிச்சக்கோணத்தில் ஜெபகனியின் கிணறு தீயணைக்க மட்டும்தான் தண்ணீர் தரும். குடிக்கக் கேட்டால் தராது. குளிக்க, துவைக்க, சோறு பொங்க, எதற்கும் தராது. இந்த விஷயம் தெரியவந்தது ஏழு வருஷத்துக்கு முந்தைய கடும் கோடையில், பிப்ரவரி பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு. இரண்டு பருவமழையும் ஏமாற்றிவிட்டுப் போன வருஷம் அது. பனிச்சக்கோணம் இருக்கும் அருமனைப் பக்கத்து ஆட்களுக்கு மழை என்பது கூப்பிடாமலே வந்து நிற்கும் சொந்தக்காரர். அது வராவிட்டால் என்ன செய்வதென்று யாருக்கும் பழக்கமில்லை. கிணறுகள் ஜனவரியிலேயே வற்றின. ரப்பர் மரங்கள் மட்டும் முறை தவறாமல் இலை முழுவதையும் உதிர்த்தன. மற்ற வருஷங்களில் ஒரு மழை விழுந்து அந்த இலையை மண்ணோடு ஒட்டவைத்துவிடும். அந்த வருஷம் அது முழங்கால் உயரத்துக்கு, பொரித்த அப்பளம் போலக் கிடந்தது.

ஜெபகனிக்கு அப்போது நாற்பது வயது. கணவர் ஜெனின் குவைத்தில் இருந்தார். மகள் ஜெமிக்குப் பதினோரு வயது. மற்றவர்களின் விளைகளில், அதாவது தோட்டங்களில், ரப்பர்ப் பால் வெட்டுவது ஜெபகனியின் தொழில். சொந்தமாக முப்பது சென்ட் நிலமும், ஒரு வீடும், அந்தக் கிணறும், ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் புகைப்புரை ஒன்றும் இருந்தன. அன்று காலை புகைப்புரை பற்றிக்கொண்டது. ரப்பரில் தீ பிடித்தால் தெரியுமே, சொட்டுச் சொட்டாக உருகி, விழுந்த இடத்திலெல்லாம் எரியும். கிணறு வற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது. அதை மறந்து, கைப்பழக்கத்தில் வாளியை உள்ளே விட்டாள். வாளி நிறைந்து வந்தது. முப்பத்தொரு வாளி இறைத்ததும் தீ அடங்கியது. முப்பத்திரண்டாவது வாளியைக் கை கழுவ விட்டாள். அது காய்ந்து வந்தது, உள்ளே ஒரு சிலந்தி உட்கார்ந்திருந்தது.

செய்தி மதியத்துக்குள் ஊரைச் சுற்றிவிட்டது. அன்று மாலையே ஆளுக்கொரு குடத்தோடு வந்தார்கள். அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் நிழல்தாங்கலில் விளக்கு வைக்கும் தாணம்மாள் கிணற்றடியில் ஓலைச்சூட்டுப் பந்தம் கொளுத்திப் பிடித்தாள். வாளி காலி. நான்கு பேர் சேர்ந்து பழைய பாயை எரித்தார்கள். காலி. மெழுகுவர்த்தி, அடுப்பு, பீடி எல்லாம் பார்த்தாயிற்று. மார்ச் முதல் வாரத்தில் சர்ச் செக்ரட்டரி ஜான்ரோஸின் அடுக்களையில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்து ஓலைத்தட்டியில் ஏறியபோது கிணறு சரியாக ஒன்றரை வாளி தந்தது. அப்போதுதான் கணக்குப் புரிந்தது. கைக்குள் அடங்கிய தீயைக் கிணறு மதிப்பதே இல்லை. கைமீறிய தீக்குத்தான் சுரக்கும், அதுவும் அந்தத் தீயின் அளவுக்கு.

இது தெரிந்ததும் ஊரில் எல்லோருடைய பார்வையும் மாறிவிட்டது. யார் வீட்டுக் கூரை பழசு, யார் வைக்கோல் போர் ஒதுக்குப்புறமாக இருக்கிறது என்று நல்ல மனிதர்களே யோசிக்கத் தொடங்கினார்கள். ஜெபகனி கிணற்றுச் சுவரில் கரியால் எழுதிவைத்தாள்: ‘வெள்ளத்துக்காகத் தீ வைக்கிறவன் இங்கே வரக்கூடாது.’ எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். எழுதிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஈர்க்குவாரியலை எடுத்துக்கொண்டு, ஊரின் அறுபத்திரண்டு வீடுகளையும் சுற்றி ஆறடி அகலத்துக்கு இலையைக் கூட்டத் தொடங்கினாள். அந்தத் தடம் பதினொரு பேருடைய விளைகள் வழியாகப் போனது. நம்முடைய ஊரில் அடுத்தவன் விளையில் கால் வைத்தாலே வக்கீலைப் பார்ப்பார்கள். இவள் வாரியலோடு அல்லவா நுழைந்தாள்! இவள் கூட்டும்போது ஒருவன் இலை இன்னொருவன் எல்லைக்குப் போய்விடுகிறதா என்று பார்க்க ஜான்ரோஸ் அளவு டேப்போடு வந்தார்.

“பிள்ளே, இலை மரத்துக்கு வளம். எனக்க விளையில வந்து நீ எதுக்குத் தூக்குதே? இது என்ன உனக்க வீட்டு முற்றமா?”

“முற்றந்தான் அண்ணா. ஊருக்க முற்றம். மரம் வெந்துபோனா வளத்தை எங்க கொண்டுபோய் இடுவீங்க?”

அவள் கூட்டுவதை நிறுத்தவில்லை. பகலில் அவள் கூட்டிய இடத்தில் மறுநாள் இலை திரும்ப வந்து கிடந்தது. சில இடங்களில் காற்று கொண்டுவந்தது, சில இடங்களில் உரிமையாளர்கள் கொண்டுவந்தார்கள். அவள் மறுபடி கூட்டினாள். நாற்பத்தைந்து நாளில் ஒன்பது வாரியல் தேய்ந்தது.

ஏப்ரல் பாதியில் ஜெமிக்கு அம்மை போட்டது. கொப்புளமெல்லாம் காய்ந்து, தலைக்குத் தண்ணீர் விட வேண்டிய நாளும் வந்தது. வேப்பிலை இருந்தது, தண்ணீர் இல்லை. தண்ணீர் லாரி வந்து பதினோரு நாளாகியிருந்தது. வீட்டுக்கு ஒரு குடம் என்று கடைசியாகக் கிடைத்ததைத் தேங்காய்ச் சிரட்டையால் அளந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை சொறிந்து சொறிந்து அழுதது. பெற்றவளுக்கு நெஞ்சு வெடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

தாணம்மாள் வேலியருகில் வந்து நின்றாள். “ஏட்டி, எனக்க ஆட்டுக்கொட்டில் சும்மாதானே கெடக்கு. ஆடெல்லாம் வித்தாச்சு. கொளுத்தட்டா? உனக்க பிள்ளை ஒரு நேரம் குளிக்கட்டு.”

“கொளுத்துனா அந்த வெள்ளம் முழுக்க உங்க கொட்டில்லதான் ஊத்துவேன் அக்கா. ஒரு சிரட்டை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன்.”

“அப்பம் பிள்ளைக்கு என்ன வழி?”

“சொறிஞ்சிட்டுக் கெடக்கட்டும். வெந்து கெடக்கல்லியே.”

தாணம்மாள் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று திட்டிவிட்டுப் போனாள். ஜெபகனி உள்ளே போய் மகளின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். கண்ணீரையும் அந்தச் சமயத்தில் வீணாக்க வேண்டாமே என்று அவளுக்குத் தோன்றியதாம். இதை அவளே பிற்பாடு சிரித்துக்கொண்டு சொன்னாள்.

ஏப்ரல் இருபத்துமூன்று, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் வளாகத்தில் ஊர்க்கூட்டம் நடந்தது. சர்ச்சுக்குப் போகாதவர்களும் வந்தார்கள். ஜான்ரோஸ் தன் கீழ்விளையில் அரை ஏக்கரை ஊருக்காக எரிக்க விட்டுக்கொடுப்பதாக எழுந்து சொன்னபோது கைதட்டினார்கள். மனிதர் அளவு டேப் பிடித்தவர்தான், ஆனால் கொடுக்க நினைத்தால் கொடுத்துவிடுவார். தீர்மானப் புத்தகத்தில் ‘கட்டுப்பாட்டுடன் கூடிய கட்டுப்பாடற்ற தீ’ என்று எழுதியிருக்கிறது. இன்றும் போய்ப் பார்க்கலாம். மாலை நான்கு மணிக்குத் தீ வைப்பது, முப்பது ஆண்கள் பச்சைக் கிளையோடு சுற்றி நிற்பது, மற்றவர்கள் தண்ணீர் இறைப்பது என்று முடிவானது.

ஜெபகனி எழுந்தாள். “முப்பது பேரு காவல் நின்னா அது அடங்குன தீ. கெணறு தராது. தரல்லேன்னதும் நீங்க எல்லாரும் திரும்பி நிப்பீங்க. எனக்கு உங்களைத் தெரியும்.”

அம்பத்தெட்டுக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறியது.

அவள் சொன்னது அப்படியே நடந்தது. நான்கு மணிக்கு இலையில் தீக்குச்சி விழுந்தது. வாளி இறங்கி, காலியாக ஏறியது. பத்து தடவை விட்டார்கள். நான்கே முக்காலுக்கு ஜான்ரோஸ் தீக்கு முதுகைக் காட்டினார். இன்னொருவர் திரும்பினார். கொஞ்ச நேரத்தில் முப்பது பேரும் திரும்பி நின்று, கிளைகளைக் கீழே போட்டுவிட்டு, ரப்பர் விலை பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். கிணற்றுக்குள் ‘களக்’ என்று சத்தம் கேட்டது. தண்ணீர் கைப்பிடிச்சுவர் வரை வந்து நின்றது. குடம், அண்டா, பெயின்ட் டப்பா, குழந்தையின் பிளாஸ்டிக் தொட்டி என்று கையில் கிடைத்ததிலெல்லாம் மொண்டார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் குடித்துவிட்டு வாந்தி எடுத்தார்கள். தாணம்மாள் மறக்காமல் ஒரு குடத்தை நிறைத்துத் தனியாக வைத்தாள்.

தண்ணீர் இவ்வளவு ஏறியது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜெபகனி மட்டும் அங்கே இல்லை. அவள் மேட்டில், தன்னுடைய ஆறடித் தடத்தில் வாரியலோடு நின்றிருந்தாள். காற்று மேற்கே திரும்பியது. அரை ஏக்கர் போதாமல் தீ மேட்டில் ஏறியது. மரங்களில் கட்டியிருந்த சிரட்டைகளில் உறைந்துகிடந்த பால் தீப்பிடித்து, ஒவ்வொரு மரமும் இடுப்பில் விளக்கு வைத்ததுபோல எரிந்தது. தடத்தைத் தொட்டதும் தீ நின்றது, ஆனால் பொறிகள் நிற்கவில்லை. அவை தாண்டிவந்து முதல் வீட்டின் விறகுப்புரையில் விழுந்தன. அது ஜான்ரோஸின் வீடு.

ஜெபகனி கிணற்றடிக்கு ஓடிவந்தாள். நிறைந்த பாத்திரங்களை அணைத்துக்கொண்டு ஊரே உட்கார்ந்திருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு தாராளமாகக் கிடைத்த தண்ணீர். யாருக்கு மனசு வரும்? தாணம்மாள் குடத்தை நீட்டினாள். “இன்னா, உனக்க பிள்ளைக்கு வெச்சது.”

ஜெபகனி அந்தக் குடத்தை இடுப்பில் வாங்கினாள். தன் வீட்டு வாசலைக் கடந்தாள். ஜன்னலில் ஜெமி நின்றிருந்தாள். நிற்காமல் நேராகப் போய், குடத்தைக் கவிழ்த்து ஜான்ரோஸின் விறகுப்புரையில் ஊற்றினாள். காலிக் குடத்தோடு திரும்பி வந்து, யாருடைய முகத்தையும் பார்க்காமல் வாளியைக் கிணற்றில் விட்டாள்.

அடுத்து எழுந்தது தாணம்மாள். பிறகு ஒருவர் மிச்சமில்லை. குழந்தையின் தொட்டி வரை மேட்டுக்குப் போனது. ஆறரை மணிக்குத் தீ அடங்கியபோது ஜான்ரோஸின் எழுபத்திரண்டு மரங்கள் போயிருந்தன. ஒரு வீடும் போகவில்லை. கிணறு காய்ந்திருந்தது. ஊரிலிருந்த பாத்திரமெல்லாம் காலி. கரிமுகத்தோடு நின்றவர்களுக்கு நாக்கு நனைக்கவும் தண்ணீர் இல்லை.

அப்போதுதான் கையாலை மண்சுவர்களுக்கு நடுவே ஒடுக்கிப் பிடித்துத் தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தது. வண்டிக்குப் பொறுப்பான சிவபிரசாத் இறங்கிப் பார்த்தார். அணைக்க ஒன்றுமில்லை. வண்டியைத் திருப்பச் சொன்னார். ஜெபகனி வண்டிக்கு முன்னால் போய் வாரியலை ஊன்றி நின்றாள்.

“தீ இல்லேன்னா தண்ணியத் திறக்க எனக்கு அனுமதி இல்லை அக்கா.”

“எங்க கெணறும் இதைத்தான் சொல்லுது. நீங்க மனுஷன்தானே?”

சிவபிரசாத் தொப்பியைக் கழற்றி வண்டிக்குள் போட்டார். பிறகு குழாயைத் திறக்கச் சொன்னார். நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர், வரிசை கலையாமல், அறுபத்திரண்டு வீட்டுக்கும் போயிற்று. முதல் குடத்தை ஜான்ரோஸ் தன் தோளில் சுமந்து ஜெமியின் வீட்டுப் படியில் கொண்டுவைத்தார். தாணம்மாள் வேப்பிலை போட்டுப் பிள்ளையின் தலைக்கு ஊற்றினாள். அறிக்கையில் சிவபிரசாத், ‘எரிந்த பரப்பு குளிர்விக்கப்பட்டது’ என்று எழுதினார்.

ஜூனில் மழை வந்து எல்லாக் கிணறும் நிறைந்தது, ஜெபகனியுடையதைத் தவிர. அவள் அதன் சுவரைப் பிடித்துக் குனிந்து, “உனக்க வெள்ளம் எங்களுக்கு வேண்டாம் போ,” என்று சொன்னது நாலு வீட்டுக்குக் கேட்டது. ஆனால் வாளியையும் கயிற்றையும் எடுத்துப்போடவில்லை. ஜனவரியில் இலை விழத் தொடங்கியதும் இப்போது பதினொரு விளைக்காரர்களும் வாரியலோடு இறங்குகிறார்கள். எல்லைக்கல் இருந்த இடம் தெரியாமல் ஆறடித் தடம் பளிச்சென்று கிடக்கிறது. கோடை முழுவதும் தினமும் காலையில் ஜெபகனி வாளியை விடுகிறாள். அது காய்ந்து வந்தால் “காலி!” என்று கத்துகிறாள். அதைக் கேட்ட பிறகுதான் ஊர் வேலைக்குக் கிளம்புகிறது.

ஒரே ஒரு நாள், இந்த மார்ச்சில், வாளியில் ஒரு கையளவு தண்ணீர் வந்தது. அன்றும் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம்தான். அதைக் குடிக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஊர் முழுக்க இறங்கித் தேடியது. ஒன்றரை மணிநேரம் கழித்து ஜான்ரோஸ்தான் தன் மேல்விளையில், இலைக்கடியில் பீடித்துண்டு ஒன்று கனன்றுகொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார். வாளியைக் கொண்டுபோய்க் கவிழ்த்தார்கள். ‘சுர்’ என்று அடங்கியது. கையளவு சரியாக இருந்தது.

ஜெமி இப்போது நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள். காலை ஆறு மணிக்கு ஹாஸ்டலிலிருந்து கூப்பிடுவாள். அங்கேயும் குழாயில் தண்ணீர் வராத நாட்கள் உண்டு. சாப்பாட்டைப் பற்றியெல்லாம் அப்புறம்தான் பேச்சு.

“காலியா அம்மா?”

“காலி மக்கா.”