சிவப்புக் கோட்டில் ஒரு மூச்சு

எனக்கு நீச்சல் தெரியாது. ஆனால் நீந்துகிறவர்களின் கைகளைப் பற்றி மூன்று வருடமாக வாய் கிழியப் பேசிக்கொண்டிருக்கிறேன். அதுதான் என் வேலை. அழுத்தத்தை அளக்கும் கையுறையை மாட்டி நீந்தச் சொல்வேன். தண்ணீரைப் பின்னால் தள்ளும் விசை திரையில் பச்சைக் கோடாக வரும். கீழே அழுத்தும் விசை சிவப்பு. பச்சை ஆளை முன்னே கொண்டுபோகும். சிவப்பு சும்மா மேலே தூக்கும். சிவப்பு வீண். அறிக்கையில் கொட்டை எழுத்தில் அப்படித்தான் எழுதுவேன்.

என் தங்கச்சி பந்தயத்தில் நீந்துகிறவள். முழங்கையை உயரத்தில் நிறுத்தி, முன்கையை நேராக இறக்கி, தண்ணீரைப் பின்னால் தள்ள வேண்டும். அவளோ மூச்சுக்குத் தலையைத் திருப்பும்போதெல்லாம் கையை விறைப்பாக நீட்டிக் கீழே அழுத்துவாள். அன்று மத்தியானமும் அவளைக் காய்ச்சி எடுத்தேன்.

"தண்ணிய தரைன்னு நினைச்சியா? ஊனி எந்திரிக்கிற!"

"இல்லண்ணா, மூச்சு..."

"சாக்குச் சொல்லாத."

"உனக்கு வாய் மட்டும்தான்!" கையுறையைக் கழற்றி என் மேல் வீசிவிட்டு உடை மாற்றப் போனாள்.

நீச்சல் குளத்தில் வேறு யாரும் இல்லை. கையுறை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நானே மாட்டிக்கொண்டேன். ஆழமான பக்கத்து விளிம்பில் குந்திக் கையைத் தண்ணீருக்குள் விட்டேன். ஈரக் கல் வழுக்கிவிட்டது.

அய்யோ, அந்தப் பயத்தை எப்படிச் சொல்ல! காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. மூக்கு, வாய், காது எல்லாம் தண்ணீர். முட்டாள் நான், அப்போதும் பாடத்தை விடவில்லை. முழங்கையை உயர்த்தி, முன்கையை இறக்கி, பின்னால் தள்ளினேன். செங்குத்தாகத் தொங்கியவனுக்கு அதனால் என்ன பயன்? இன்னும் உள்ளே போனேன். செத்தேன் என்றே நினைத்தேன்.

பிறகு கைகள் என்னைக் கேட்காமலே விறைத்து நீண்டு, கீழே அழுத்தின. தலை மேலே வந்தது. அரை மூச்சு. மறுபடி மூழ்கினேன். மறுபடி அழுத்தினேன்.

"பாப்பா!" என்று தங்கச்சியைக் கத்திக் கூப்பிட்டேன்.

அவள் பாய்ந்து வந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். கரையில் இருமி இருமித் தண்ணீரைத் துப்பினேன். அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியை மட்டும் நான் விடவில்லை. அவள் மற்றக் கையால் என் கையுறையை உருவி, கணினியில் இணைத்தாள். தொடக்கத்தில் துளிப் பச்சை, பிறகு திரை முழுக்கச் சிவப்பு. இனி வருடக்கணக்கில் சொல்லிக் காட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"மூச்சு கிடைக்காம போயிடுமோன்னு பயமா இருக்கு, அதான் கை தானா அழுத்துதுன்னு எத்தன தடவ சொல்ல வந்தேன்?" "ஒரு தடவயாவது கேட்டியாண்ணா?"

ஒவ்வொரு மூச்சுக்கும் இப்படித்தான் பயந்தாயா என்று கேட்க வாயெடுத்தேன். பற்கள் தந்தியடித்தன. கேட்க முடியவில்லை.