நடுங்கிக்கொண்டு வருகிறவன்

எடின்பரோவில் சுந்தர்சிங்கும் சேக் முகம்மதுவும் ஒரே அறையில் தங்கி வைத்தியம் படித்தார்கள். ஒருவன் மயிலாடிக்காரன், மற்றவன் குளச்சல்காரன். மூன்றாம் வருஷம் சேக்குக்கு இருமலில் ரத்தம் வந்தது. ஊருக்குப் போய் வெயிலில் கிட என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அது 1933, மாசி மாதம். லிவர்பூலில் கப்பல். அதுவரை ரயிலில் கூடப் போனான் சுந்தர்சிங்.

வழியெல்லாம் பனி. பெட்டியைச் சூடாக்கும் குழாய் கெட்டுக் கிடந்தது. சுந்தர்சிங் தன் கோட்டையும் கழற்றி அவனுக்குப் போர்த்தினான். அப்படியும் சேக்கின் பல் தந்தியடித்தது.

"ஏலே, நான் நடுங்கினேன்னு உம்மாகிட்ட சொல்லப்பிடாது."

"ஊருக்குப் போறது நீ. நான் எங்க சொல்ல?"

சேக் ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியில் விரலால் ஒரு மீன்பிடி வள்ளம் வரைந்தான். கப்பலில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஏடனைத் தாண்டியதும் இறந்துபோனான். உடலைக் கடலில் இறக்கிவிட்டார்களாம்.

படிப்பு முடித்து ஊர் வந்த சுந்தர்சிங் குளச்சலுக்குப் போனான். சேக்கின் தாய் ஹபீபா பீவி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"ரயில்ல கூடப் போனது நீதானே மக்கா. எப்பிடி இருந்தான்?"

"சொகமாத்தான் இருந்தான் உம்மா. சிரிச்சுப் பேசிட்டே வந்தான்."

"குளிரலியா?"

"இல்ல உம்மா. நல்ல கதகதப்பு."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"எல்லாரும் இதத்தான் சொல்லுதாவ. பின்ன ஏன் அவன் நடுங்கிட்டே வாறான்?"

சுந்தர்சிங் டம்ளரைக் கீழே வைத்தான்.

"மத்தியானம் லுகர் பாங்கு கேட்டா வருவான். கிணத்தடியில நிப்பான். கம்பளி எடுத்துட்டுப் போனா ஆளக் காணாது. எனக்குக் கிறுக்குன்னு சொல்லுதாவ. மந்திரிச்சும் பாத்தாச்சு. நீ படிச்சவன், சொல்லு. அது எம்மகன் இல்லியா?"

துக்கத்தில் மனசு காட்டும் தோற்றம் என்று சொல்ல வாயெடுத்தான். முடியவில்லை.

"குளிரிச்சு உம்மா. கோட்டுப் போட்டும் நடுக்கம் நிக்கல. உங்ககிட்ட சொல்லப்பிடாதுன்னான்."

அவள் அழவில்லை. "அப்ப அவன்தான்," என்றாள். அந்தக் குரலில் இருந்த நிம்மதி அவனைப் பயமுறுத்தியது.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. அவள் எழுந்து கொல்லைக்குப் போனாள். அவனும் கொல்லைவாசல்வரை போய் நின்றான். உச்சிவெயில். கிணற்றடியில் யாருமில்லை. அவள் அந்த வெறும் இடத்தைப் பார்த்து, குழந்தையிடம் பேசுவதுபோல் மெதுவாகச் சொன்னாள்: "தெரியும் மக்கா. எல்லாம் தெரியும். இனி ஒளிக்காண்டாம்."

அடுத்த மாதம் மறுபடியும் போனான். அவளுக்குச் சித்தம் தெளிந்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவள் மட்டும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கோட அவன் வாறது நின்னு போச்சு," என்றாள். "நீ சொல்லாம இருந்திருக்கலாம் மக்கா. நடுங்கிட்டாவது வந்துட்டிருந்தான்."