தொட்டி நிழலில் ஒரு கல்யாண நாள்

ஏழாவது கல்யாண நாளுக்கு வெளியே போய்ச் சாப்பிடுவதாகத்தான் ஏற்பாடு. பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன நாத்தனார், காலையிலேயே காய்ச்சல் என்று போன் செய்துவிட்டாள். காய்ச்சலுக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா? வந்த கோபத்தில், எடுத்து வைத்திருந்த புது உடுப்பை மறுபடி அலமாரிக்குள் திணித்தேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எது நின்றுபோனாலும் தட்டிக்கொட்டி ஓட்டிவிடலாம் என்று நம்புகிற ஆள்.

"மொட்டை மாடி இருக்குல்ல? மதியம் ரெண்டும் தூங்கும். கொஞ்ச நேரம் மேல போய் உட்காரலாம். தண்ணித் தொட்டிப் பக்கம் நல்ல நிழல்" என்றார்.

"தொட்டிகிட்ட உட்கார்ந்தா கல்யாண நாள் கொண்டாடுறது?"

"தொட்டியப் பாக்காத. என்னைப் பாரு."

"அதுக்குத் தொட்டியே தேவலை."

வாய் அப்படிச் சொன்னாலும் மனசு இறங்கிவிட்டது. ஆனால் பயம் இறங்கவில்லை. மூத்தவளுக்கு நாலு வயது, வாலு என்றுதான் கூப்பிடுவோம். சின்னவன் குண்டுக்கு ஒன்றரை வயது. சளி பிடித்து, மூக்கடைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தான். அவனை விட்டுவிட்டு ஒரு மாடி ஏறுவதற்கே எனக்கு மனசு வரவில்லை. கட்டிலிலிருந்து உருண்டால்? எதையாவது எடுத்து வாயில் போட்டுக்கொண்டால்?

"துணி காயப்போடப் போறப்போ போன் வெச்சுட்டுப் போவோம்ல, அதே மாதிரி வெச்சிடலாம்" என்றார்.

அது எங்கள் வீட்டு ஏற்பாடு. அவர் போனிலிருந்து என் போனுக்கு அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, பிள்ளைகள் தூங்கும் அறையில் வைத்துவிடுவோம். என் போன் எங்களோடு மேலே வரும். நாங்கள் பேசுவது கீழே கேட்டு அவர்கள் விழித்துவிடாமல் இருக்க, மேலே வருகிற போனை மியூட்டில் போட வேண்டும். வழக்கமாக இதையெல்லாம் செய்பவர் அவர்தான். அன்று அவர் இரண்டு கையிலும் நாற்காலி இருந்ததால் நான் செய்தேன்.

மியூட் எனக்குப் புதிதல்ல. நான் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுப்பவள். அந்தப் பொத்தானில்தான் என் பிழைப்பே ஓடுகிறது. ஒரு தட்டுத் தட்டிவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டுவேன், மறுபடி தட்டிவிட்டு "சொல்லுங்க சார்" என்று குழைவேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். அன்றும் அப்படித்தான், கை தன்பாட்டுக்குச் செய்தது.

கதவைப் பூட்டிக்கொண்டு மேலே போனோம். கேக் இருந்தது, வெட்டக் கத்தி இல்லை. சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து, அதனால் கேக்கை இரண்டாகப் பிளந்தார். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஒரு சத்தமும் இல்லைங்க."

"தூங்குற பிள்ளைங்க என்ன பாட்டா பாடும்? போனைக் கீழ வெச்சுட்டுச் சாப்பிடு."

சுவர் விளிம்பில் வைத்தேன். கேக்கை ஒரு வாய் கடித்துவிட்டு அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "சரி, உனக்கு என்ன ஆசைன்னு சொல்லு. இன்னைக்கு எதுக்கும் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

யோசிக்கவே இல்லை. கொட்டிவிட்டேன். "ஒரு வாரம் எங்கயாவது போயிடணும். அம்மாங்கற சத்தமே காதுல விழக் கூடாது. அம்மா தண்ணி, அம்மா பசிக்குது, அம்மா இவன் கிள்றான். அம்மான்னு கூப்பிட்டாலே எரிச்சலா வருதுங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. மனசு லேசாகி, மீதிக் கேக்கை எடுத்தேன்.

அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகள் சத்தம் போடவில்லை, சரி. அந்த அறை ஃபேன் எங்கே? ஊர் லிஃப்டுக்கெல்லாம் எண்ணெய் விடுகிற மனுஷன் வீட்டு ஃபேனைக் கண்டுகொண்டதே இல்லை. கடக் கடக்கென்று தெருவுக்கே கேட்கும்.

"ஏங்க, ஃபேன் சத்தம்கூடக் கேக்கல."

"கரண்ட் போயிருக்கும்" என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் மொட்டை மாடியிலேயே இருந்த லிஃப்ட் அறையில் மோட்டார் உறுமிக்கொண்டு ஓடியது. அவர் முகமும் மாறிவிட்டது.

போனை எடுத்துப் பார்த்தேன். அழைப்பு இணைப்பில்தான் இருந்தது. ஆனால் என் போன் மியூட்டில் இல்லை. வேலைப் பழக்கத்தில், கையில் எந்தப் போன் இருந்ததோ அதைத் தட்டியிருக்கிறேன். கையில் இருந்தது கீழே வைக்கிற போன். கீழேயிருந்து ஒரு மூச்சுகூட மேலே வரவில்லை. நான் பேசியது அத்தனையும் கீழே ஸ்பீக்கரில் ஒலித்திருக்கிறது.

எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. அவசரத்தில் சாவியைத் தலைகீழாகச் செருகினேன். அவர் பிடுங்கித் திறந்தார்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் விழித்திருந்தார்கள். குண்டு உருண்டுவிடாதபடி வாலு கட்டில் ஓரம் முழுக்கத் தலையணைகளை அடுக்கியிருந்தாள். அவன் முகமெல்லாம் கண்ணீரும் சளியுமாக இருந்தது. பக்கத்தில் போன் கிடந்தது. உயிர் வந்தது எனக்கு.

எப்போதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறவள், அசையவில்லை. வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பிறகு, நான் அவள் அப்பாவைக் கூப்பிடுகிற அதே மாதிரி என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, தம்பி நனைச்சுட்டான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. என்னைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"என்னடா தங்கம், அம்மான்னு கூப்பிடு" என்றேன்.

"ஒரு வாரம் கழிச்சு" என்றாள். "நான் கூப்பிடவே இல்ல. தம்பிதான் அழுதுகிட்டே கூப்பிட்டான். நான் வாயைப் பொத்திட்டேன்."

மூக்கடைத்த பிள்ளை. அவன் கன்னத்தில் சின்னச் சின்னதாக விரல் தடம் சிவந்திருந்தது. தலையணைகளைத் தள்ளிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

என்னைக் கிட்டத்தில் பார்த்ததும் குண்டு இரண்டு கையையும் தூக்கினான். "ம்மா" என்றான். உடனே வாலுவின் கை அவன் வாய்க்குப் பாய்ந்தது.

அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன். "விடுடா, கூப்பிடட்டும். நீயும் கூப்பிடு" என்றேன்.

வாலு என்னை நம்பவில்லை. கூப்பிடலாமா என்று அப்பாவைப் பார்த்தாள்.